நான் இல்லாமலேயே என் வீரன் சண்டை போட்டான்: ஒரு விளையாட்டின் ஐம்பது வருஷக் கதை

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில எடுத்துட்டு வந்து உக்காருங்க. சரித்திரம்னா அலர்ஜி உள்ளவங்க நேரா கடைசி பத்திக்குத் தாவிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

போன செமஸ்டர்ல ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. வெளியில மேடிசன் குளிர். காதைக் கழட்டிக் கையில குடுக்குற குளிர். உள்ளே எங்க அப்பார்ட்மெண்ட்ல ஒரு மேஜையைச் சுத்தி ஆறு பேர், ஆறிப்போன பீட்சா, கலர் கலரா பகடைகள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம். ரூம்மேட்தான் இழுத்து விட்டான். 2003ல வந்த 3.5 பதிப்பு விதிகள். யாரோட அண்ணனோ பரண்ல போட்டிருந்த புத்தகங்கள்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது பலகை இல்லாத ஆட்டம். ஒருத்தர் கதையையும் உலகத்தையும் நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர்னு பேரு. (நடத்துனர்னு எழுதினா பஸ் கண்டக்டர் ஞாபகம் வருது, அதனால மாஸ்டர்னே வெச்சுக்குவோம்.) மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உதைக்கிறேன்"னு சொன்னா, கதவு உடைஞ்சுதான்னு பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கிளாஸ் உண்டு. வகுப்பறை இல்லீங்க, தொழில்னு வெச்சுக்கலாம். வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன், இப்படி.

நான் வீரனை எடுத்திருந்தேன். புதுசா வர்றவங்களுக்கு அதுதான் சுலபம்னு எல்லாரும் சொன்னாங்க. ஒன்பதாவது லெவல் வந்தப்பதான் சங்கதி புரிஞ்சது. என் முறை வரும், "வெட்டுறேன்"னு சொல்வேன், பகடை உருட்டுவேன், முடிஞ்சது. மந்திரவாதி பையன் முறை வந்தா பறப்பான், மறைவான், சுவரை எழுப்புவான், எதிரி மனசையே மாத்துவான். திருடியா விளையாடின பொண்ணு பூட்டைத் திறக்கப் போனா, அதுக்கும் அவன்கிட்ட ஒரு மந்திரம் இருந்தது. ஒரு கட்டத்துல எழுந்து போய் எல்லாருக்கும் டீ போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டு, நிதானமா, இருபது நிமிஷம். திரும்பி வந்தா சண்டை முடிஞ்சிருந்தது. நான் இல்லாதப்போ பக்கத்துல இருந்தவன் எனக்கும் சேர்த்துப் பகடை உருட்டியிருக்கான். அதுல ஒரு வித்தியாசமும் யாருக்கும் தெரியல. எனக்கும்தான்.

அதுதான் உறுத்துச்சு. தோத்திருந்தா கூட பரவாயில்ல. நான் அங்க இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் இல்லாமப் போச்சேன்னுதான் வருத்தம்.

நிற்க. இந்த செமஸ்டர் ஆட்டத்தை நடத்துற பொறுப்பு என் தலையில. மதுரைப்பக்கமிருந்து புதுசா வந்திருக்கிற ஜூனியர் ஒருத்தனும் சேர்ந்துக்கறேன்னு சொல்லியிருக்கான். அவன் டீ போட எழுந்து போகக் கூடாது. எந்தப் பதிப்பு விதிகளை எடுக்கலாம்னு தேட ஆரம்பிச்சு, அப்படியே சரித்திரத்துக்குள்ள விழுந்துட்டேன். அசைன்மெண்ட் எல்லாம் அப்படியே கிடக்கு.

பூர்வீகம்

கதை எங்க ஊர்ப் பக்கத்துலயே தொடங்குது. இங்கேருந்து ஒண்ணரை மணி நேர கார்ப் பயணத்துல லேக் ஜெனீவான்னு ஒரு சின்ன ஊர். அங்க இருந்தவர் கேரி கைகாக்ஸ். இன்சூரன்ஸ் கம்பெனி வேலை போனப்புறம் வீட்டுல செருப்பு ரிப்பேர் பண்ணிக்கிட்டே போர் விளையாட்டு விதிகள் எழுதினவர். பொம்மைச் சிப்பாய்களை மேஜையில நிறுத்தி நெப்போலியன் சண்டைகளைத் திரும்ப நடத்துற கும்பல் அது. அந்த ஆட்டங்கள்ல தனி ஆள்னு யாரும் கிடையாது, படைதான்.

மினசோட்டாவுல டேவ் வெஸ்லின்னு ஒருத்தர் 1969ல இதை மாத்தினார். பிரவுன்ஸ்டைன்னு ஒரு கற்பனை ஜெர்மானிய ஊர். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் படைக்குப் பதிலா ஒரு ஆளும், அந்த ஆளுக்கு ஒரு நோக்கமும் குடுத்தார். அந்த ஆட்டத்துல இருந்த டேவ் ஆர்னசன் 1971ல பிளாக்மூர்னு தன்னோட கற்பனை உலகத்தை ஆரம்பிச்சார். அதே 1971ல கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதின செயின்மெயில் விதிப் புத்தகம் வந்தது. அதோட கடைசியில மாயாஜாலச் சண்டைக்கு ஒரு பகுதி. அதுல ஒரு 'ஹீரோ' நாலு சாதாரண வீரர்களுக்குச் சமம், 'சூப்பர் ஹீரோ' எட்டுப் பேருக்குச் சமம். தனியா மந்திரவாதி.

கவனிச்சீங்களா? வீரன் அப்பவே 'இத்தனை பேருக்குச் சமம்'னு ஒரு எண்ணிக்கையா வர்றான். மந்திரவாதியோ 'இன்னின்னது செய்வான்'னு ஒரு பட்டியலா வர்றான். நான் டீ போடப் போனதுக்கான விதை 1971லயே போட்டாச்சு.

மூணாவதா பூசாரி வந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஆர்னசன் ஆட்டத்துல ஒருத்தர் ரத்தக்காட்டேரியா விளையாடினார். அவரை யாராலயும் சமாளிக்க முடியல. அதனால காட்டேரி வேட்டைக்காரப் பாதிரியார் ஒருத்தரை உருவாக்கினாங்க. மைக் கார் அந்தப் பாத்திரத்தை எடுத்தார். பழைய டிராகுலா படங்கள்ல சிலுவையைத் தூக்கிக் காட்டுவாங்களே, அதே சமாச்சாரம். செத்தும் நடமாடுற பிசாசுகளை விரட்டுற சக்தி இன்னைக்கு வரைக்கும் பூசாரிக்கிட்ட இருக்கு. ஒரு மேஜையில ஒரு பிரச்சினை வந்தது, அதுக்கு விடையா ஒரு ஆள் பிறந்தான். "நீ எதுக்கு?"ன்னு கேட்டா பதில் சொல்லத் தெரிஞ்ச முதல் கிளாஸ் இதுதான்னு நினைக்கிறேன்.

1974: தடையால் பிறந்த வித்தியாசம்

1974 ஜனவரியில டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. மரம் மாதிரி பிரின்ட் பண்ணின ஒரு அட்டைப் பெட்டி, உள்ளே மூணு சின்னப் புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1000 பிரதி. வெளியிட்டது டி.எஸ்.ஆர்., கைகாக்ஸும் நண்பர் டான் கேயும் 1973ல ஆரம்பிச்ச கம்பெனி.

அதுல மூணே கிளாஸ்: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி. எண்களைப் பார்த்தா சிரிப்பு வரும். எந்த ஆயுதமா இருந்தாலும் சேதம் ஒரு ஆறுமுகப் பகடை. கத்தியும் ஒண்ணுதான், ரெண்டு கையால தூக்குற வாளும் ஒண்ணுதான். முதல் லெவல்ல சண்டைக்காரனுக்கும் மந்திரவாதிக்கும் உயிர்ப்புள்ளியில ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

அப்போ வித்தியாசம் எங்கேருந்து வந்தது? பெரும்பாலும் "உனக்கு இது கிடையாது"ங்கற விதிகள்லேருந்து. மந்திரவாதி கவசம் போடக் கூடாது, கையில குறுங்கத்தி மட்டும். பூசாரி கூர்மையான ஆயுதம் தொடக் கூடாது. மந்திர வாள் சண்டைக்காரனுக்கு மட்டும். புதையல்ல கிடைக்கிற மந்திர ஆயுதங்கள்ல பெரும்பான்மை வாள்கள்தான். கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா வாள் கிடைச்ச அன்னைக்கு மேஜையில எல்லாரும் ஒருத்தனையே பாப்பாங்க பாருங்க, அது பெரிய விஷயம்.

மந்திரவாதிக்கு இன்னொரு கட்டுப்பாடு. மந்திரத்தைக் காலையில மனப்பாடம் பண்ணணும். ஒரு தடவை சொன்னா மனசுலேருந்து அழிஞ்சிடும். ஜாக் வான்ஸ் 1950ல வெளியிட்ட 'தி டையிங் எர்த்' புத்தகத்துலேருந்து எடுத்த யோசனை. முதல் லெவல்ல ஒரு நாளைக்கு ஒரே மந்திரம். அதுக்கப்புறம் அந்த ஆள் கையில ஒரு குறுங்கத்தியோட நடுங்கிக்கிட்டு நிக்கணும். அதனால ரெண்டு பேருக்கும் கேள்வியே வேற ஆச்சு. சண்டைக்காரன் கேக்கறது "யாரை அடிக்கறது?". மந்திரவாதி கேக்கறது "இப்பவா, அப்புறமா?".

நம்ம ஊர் ஆடுபுலி ஆட்டத்தை நினைச்சுப் பாருங்க. புலி மூணு, ஆடு பதினஞ்சு. புலி தாண்டி வெட்டும், ஆடு வெட்டவே வெட்டாது, சூழ்ந்து அடைக்கும். அதே கட்டம், அதே காய் நகர்த்தல், ஆனா புலி வெச்சு ஆடறவன் மனசுல ஓடறதும் ஆடு வெச்சு ஆடறவன் மனசுல ஓடறதும் வேற. புலிக்கு ஆறு பல், ஆட்டுக்கு நாலு பல்னு எண்ணிக்கையை மட்டும் மாத்தியிருந்தா அந்த ருசி வந்திருக்குமா?

திருடன் வந்தான், பிரச்சினையும் வந்தது

1975ல கிரேஹாக் இணைப்புப் புத்தகம். கலிஃபோர்னியாவுல கேரி ஸ்விட்சர்ங்கறவரோட ஆட்டக் குழுவுல முளைச்ச யோசனை தொலைபேசி வழியா கைகாக்ஸுக்கு வந்து, திருடன் கிளாஸ் ஆச்சு. பூட்டு திறக்கறது, நிழல்ல ஒளியறது, சுவர் ஏறறது, முதுகுல குத்தறது. அதே புத்தகத்துலதான் பகடைகளும் பிரிஞ்சது: சண்டைக்காரன் உயிருக்கு எட்டுமுகப் பகடை, பூசாரிக்கு ஆறு, மந்திரவாதிக்கும் திருடனுக்கும் நாலு. ஆயுதச் சேதமும் ஆயுதத்துக்கு ஆயுதம் மாறிச்சு.

திருடன் நல்ல யோசனைதான். ஆனா ஒரு பக்க விளைவு. அதுவரைக்கும் "நான் சத்தமில்லாம நடக்கறேன்"னு யாரு வேணா சொல்லலாம், மாஸ்டர் பாத்து முடிவு பண்ணுவார். திருடனுக்கு மட்டும் அதை விதியா எழுதினதும், "அப்போ மத்தவங்களுக்கு அது வராதோ?"ன்னு பல மேஜைகள்ல ஆகிப்போச்சு. ஒருத்தனுக்கு அடையாளம் குடுக்கறதுக்காக மத்தவங்க எல்லார்கிட்டேருந்தும் ஒண்ணைப் பிடுங்கின மாதிரி. அந்தத் திருடனாவது சந்தோஷமா இருந்தானா? 1981ல வந்த பேசிக் புத்தகத்துல முதல் லெவல் திருடன் சுவர் ஏற 87 சதவீதம் வாய்ப்பு, சபாஷ். நிழல்ல ஒளிய? வெறும் 10 சதவீதம். பேரு திருடன், பத்துல ஒன்பது தடவை மாட்டுவான் :-)

அப்புறம் கிளாஸ் மழை. 1975லயே துறவியும் கொலையாளியும், டி.எஸ்.ஆர். பத்திரிகையில காட்டுக்காவலனும் மாயக்காரனும். 1976ல ட்ரூயிடும் பாணனும். 1978ல அட்வான்ஸ்டு டி அண்ட் டி புத்தகம் இதையெல்லாம் ஒரே அட்டைக்குள்ள கொண்டு வந்தது.

அந்தக் கால விதிகள்ல ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு கிளாஸும் வேற வேற வேகத்துல லெவல் ஏறும். 1981 பேசிக்ல ரெண்டாவது லெவலுக்குத் திருடனுக்கு 1200 அனுபவப் புள்ளி போதும், பூசாரிக்கு 1500, வீரனுக்கு 2000, மந்திரவாதிக்கு 2500. அந்தப் புத்தகத்துல எல்ஃப் ஒரு இனம் மட்டும் இல்ல, தனி கிளாஸ்; வாளும் வீசும், மந்திரமும் போடும், அதனால 4000. பலம் ஜாஸ்தின்னா காத்திருப்பும் ஜாஸ்தி. வாங்கற சம்பளத்துக்கு வரி மாதிரி.

இந்தப் பக்கம் இப்படி இருக்க, "கிளாஸே எதுக்குய்யா?"ன்னு கேட்டவங்களும் இருந்தாங்க. 1977ல டிராவலர், 1978ல ரூன்குவெஸ்ட். ரூன்குவெஸ்ட்ல கிளாஸ் கிடையாது; எதைப் பழகறியோ அதுல தேறுவ. நியாயமான யோசனை, நிஜ வாழ்க்கை அப்படித்தானே. ஆனா புதுசா வந்து உக்காந்தவனுக்கு "நீ யாரு?"ன்னு ஒரே வார்த்தையில பதில் குடுக்கறது கிளாஸால மட்டும்தான் முடியுது. அதான் அது சாகல.

2000: சுதந்திரம் வந்தது, சமநிலை போச்சு

1997ல டி.எஸ்.ஆரை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கிச்சு. 2000ல மூன்றாம் பதிப்பு. பதினோரு கிளாஸ், எல்லாருக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணை, எந்த கிளாஸையும் எந்த கிளாஸோடும் கலக்கலாம். பழைய தடைகள் நிறைய காணாமப் போச்சு. கணக்குப் பாத்தா சுத்தமான வேலை. ஆனா மந்திரவாதியைக் கட்டி வெச்சிருந்த கயிறுகள் ஒவ்வொண்ணா அவிழ்ந்தது. மெதுவா லெவல் ஏறற தண்டனை இல்ல. அடி வாங்கினா மந்திரம் கெட்டுப்போற பயமும் முன்ன மாதிரி இல்ல. வீரனோட வளர்ச்சி நேர்கோடு, மந்திரவாதியோட வளர்ச்சி வர்க்கம்னு ஆட்டக்காரங்க நடுவுல ஒரு கிண்டலே உண்டு. கணக்கு படிச்சவங்களுக்குப் புரியும்.

எங்க வெள்ளிக்கிழமை மேஜை இங்கதான் நிக்குது. மந்திரவாதி பையன் மேல தப்பே இல்ல. அவன் நல்லவன், கடைசியில டீ கிளாஸ் எல்லாம் அவன்தான் கழுவினான்.

2008: எல்லாரும் சமம்

இதைச் சரி பண்ணத்தான் 2008ல நான்காம் பதிப்பு. ஒவ்வொரு கிளாஸுக்கும் சண்டையில ஒரு வேலை: தடுக்கறவன், அடிக்கறவன், தூக்கி நிறுத்தறவன், களத்தைக் கட்டுப்படுத்தறவன். எல்லா கிளாஸுக்கும் ஒரே அமைப்பு: எப்ப வேணா பயன்படுத்தற சக்தி, சண்டைக்கு ஒருக்கா, நாளைக்கு ஒருக்கா. வீரனுக்கும் மந்திரவாதி மாதிரியே ஒரு பட்டியல் கிடைச்சது. முப்பத்தேழு வருஷம் கழிச்சு!

வந்ததும் ஒரே சண்டை. "எல்லா கிளாஸும் ஒரே மாதிரி இருக்கு"ன்னு நிறைய பேர் கோவிச்சுக்கிட்டாங்க. 3.5 விதிகளையே தொடர்ந்து மெருகேத்தி 2009ல பாத்ஃபைண்டர் வந்தது, ஒரு பெருங்கூட்டம் அந்தப் பக்கம் போச்சு.

எனக்கென்னவோ இந்தக் குற்றச்சாட்டு பாதிதான் சரின்னு படுது. நான்காம் பதிப்பு வீரன் ஒரு எதிரியை அடிச்சா அவனைக் 'குறி வெச்சுட்டான்'. அந்த எதிரி வேற யாரையாவது தாக்கப் போனா அவனுக்கு 2 புள்ளி குறையும், பக்கத்துல இருந்தா வீரனோட அடியும் உடனே விழும். "என்னைத் தாண்டிப் போடா பாக்கலாம்"ங்கறதை விதியாவே எழுதியிருக்காங்க. வார்லார்டுன்னு ஒரு கிளாஸ், தான் அடிக்காம அடுத்தவனை அடிக்க வைப்பான், ஒரு சத்தம் போட்டே விழுந்தவனை எழுப்புவான். இதெல்லாம் ஒரே மாதிரியா?

ஆனா மீதிப் பாதியையும் ஒத்துக்கணும். காகிதத்துல எல்லாரோட பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. அதை விட முக்கியம், எல்லாரும் ஒரே தாளத்துல யோசிச்சாங்க: சின்னது, நடுத்தரம், பெருசு, எதை இப்பப் போடலாம்? "இப்பவா, அப்புறமா?"ங்கறது மந்திரவாதியோட தனிச் சொத்தா இருந்த கேள்வி. அதை எல்லாருக்கும் பங்கு பிரிச்சுக் குடுத்தப்போ நியாயம் கிடைச்சது, ருசி குறைஞ்சது. சமமா நடத்தறதும் ஒரே மாதிரி ஆக்கறதும் ஒண்ணு இல்லைன்னு ஒரு விளையாட்டுப் புத்தகம் எனக்குச் சொல்லிக் குடுத்தது. 2010ல அதே பதிப்புக்குள்ளயே, நாளைக்கு ஒருக்கா சக்திகள் இல்லாத எளிய வீரர்களைக் கொண்டு வந்தாங்க. அவங்களுக்கே உறைச்சிருக்கும் போல.

2014க்கு அப்புறம்

ரெண்டு வருஷம் பொதுமக்கள்கிட்ட சோதனை பண்ணிட்டு 2014ல ஐந்தாம் பதிப்பு. பன்னிரண்டு கிளாஸ். இங்க ஒவ்வொண்ணுக்கும் தாளம் வேற. பார்பேரியனுக்கு ஆவேசம் வரும், நம்ம ஊர் சாமியாட்டம் மாதிரி, எப்ப ஏத்தறதுங்கறதுதான் அவன் கேள்வி. திருடன் எங்க நிக்கறதுன்னு யோசிக்கணும், சரியான இடத்துல நின்னாத்தான் மறைமுகக் குத்து பலிக்கும். வார்லாக்குக்கு மந்திரம் ரொம்பக் கொஞ்சம், ஆனா ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தா திரும்பிடும், அதனால "கொஞ்சம் உக்காரலாமா?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். வீரனுக்கு ஒரு முறையில ரெண்டு வேலை செய்யற வாய்ப்பு. 2024 திருத்தப் பதிப்புல அவன் ஆயுதங்களுக்கும் குணம் வந்தது: ஒண்ணு எதிரியைப் பின்னால தள்ளும், ஒண்ணு கீழ விழ வைக்கும். 1974ல எல்லா ஆயுதமும் ஒரே பகடையா இருந்த இடத்துலேருந்து இங்க வர அம்பது வருஷம்.

மந்திரவாதி இன்னமும் ஒரு படி மேலதான், மறைக்கல. ஆனா வீரன் முறை வர்றப்போ யோசிக்க ஏதோ இருக்கு.

இன்னொரு பாதையும் உண்டு. 2010ல வின்சென்ட் பேக்கர் எழுதின அபோகலிப்ஸ் வேர்ல்ட். அதுல ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் தாள். அந்தத் தாள்லயே அவனோட திறமைகள், மத்தவங்களோட அவனுக்கு இருக்கற உறவு எல்லாம். ஒரு தாளை ஒருத்தர் எடுத்தா வேற யாரும் அதை எடுக்க முடியாது. "இந்த ஆள் நீ மட்டும்தான்"னு ஆட்டம் தொடங்கும்போதே சொல்லிடறாங்க.

அப்போ என்ன முடிவு?

இத்தனையும் படிச்சப்புறம் எனக்குப் புரிஞ்சது இதுதான். பேரை மாத்தினாலோ, பகடை முகத்தை மாத்தினாலோ ஒரு கிளாஸ் தனியாத் தெரியாது. ஆட்டக்காரன் மனசுல வேற ஒரு கேள்வி ஓடணும். அந்தக் கேள்விக்கு அவன் மட்டும்தான் பதில் சொல்ல முடியணும். பிளாக்மூர்ல காட்டேரிக்கு எதிரா வந்த பாதிரியார்கிட்ட அது இருந்தது. எங்க மேஜையில என் வீரன்கிட்ட இல்ல.

விதிப் புத்தகம் பாதி வேலைதான் செய்யும், மீதி மாஸ்டர் கையில. நான் 2024 புத்தகத்தை எடுத்திருக்கேன். கூடவே ஒரு நோட்டுல, ஒவ்வொரு வாரமும் ஆட்டத்துக்கு முன்னாடி, ஒவ்வொருத்தர் பேருக்கும் எதிரா ஒரு வரி எழுதப்போறேன்: "இன்னைக்கு இவங்க வரலைன்னா எது நடக்காது?" எந்தப் பேருக்கு எதிரா வரி காலியா இருக்கோ, அன்னைக்குத் தப்பு என் மேல.

ஜூனியர்கிட்ட நேத்து எந்த கிளாஸ் வேணும்னு கேட்டேன். "அண்ணே, வீரன்தான் சுலபம்னு சொன்னாங்க, அதையே எடுத்துக்கறேன்"னான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சரிடா தம்பின்னு சொல்லிட்டு, அவன் வரியை நோட்டுல முதல்ல எழுதிட்டேன். என்ன எழுதினேன்னு அடுத்த பதிவுல.

பி.கு: இதை விளையாடறவங்க நம்ம பதிவர்கள்ல யாராவது இருந்தா, நீங்க எந்த கிளாஸ், உங்க மேஜையில டீ போடறது யாருன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. ஆடுபுலி ஆடறவங்களும் வரலாம், எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிடுங்க :-)